நாலு மணி நேரத் தூரம்

பக்கத்து வீட்டிலிருந்து வந்த கடுங்காப்பியை ஒரு வாய் குடித்ததும் முருகேஸ்வரிக்குத் தொண்டை திறந்துவிட்டது.

“ஏண்டி மாரி... என் தம்பி எங்கடி? பெத்த அய்யா ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்காரு. வருவானா, மாட்டானா?”

மாரிச்செல்வி மாமனாரின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டாள். என்னவென்று சொல்வாள், பாவம்! நேற்று சாயந்தரம் செல்லச்சாமி கண்ணை மூடியதிலிருந்து இதே கேள்விதான். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சொந்தமெல்லாம் வந்து இறங்கியாயிற்று. ஒரே மகன் யோகேஸ்வரன் மட்டும் துபாயில் இருந்தான்.

முருகேஸ்வரியின் புருசன் தங்கசாமி செல்போனைத் தூக்கிக் காட்டினார். “மதுரைக்கும் துபாய்க்கும் மூவாயிரம் கிலோமீட்டர். பிளைட்டுல ஏறுனா நாலே மணி நேரம். நான் மெட்ராஸ்ல இருந்து பஸ்ல வாரதுக்குள்ள மாப்பிள்ள வந்துட்டுத் திரும்பியே போயிரலாம்!”

கூட்டமே தலையாட்டியது. அப்புறமென்ன, முருகேஸ்வரி பழியெல்லாம் மாரியின் தலையில் போட்டாள்!

“இவதான் வரவிடாமப் பண்ணிட்டா! அய்யா ‘மகன் எங்க, மகன் எங்க’ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. ‘வீடு கட்டணும் மாமா, நான்தான் வரவேணாம்னேன்’னு இவ வாயாலயே சொன்னா! நெஞ்சுல ஈரம் இருக்காடி ஒனக்கு?”

ஆமாம், சொன்னாள்தான். ஆனால் அது பொய். யோகேஸ்வரன் முதலாளியோடு சண்டை போட்டு வெளியேறியிருந்தான். பாஸ்போர்ட் அந்த ஆள் கையில். ஓடிப்போனவன் என்று போலீசில் புகார் வேறு. விமான நிலையத்தில் கால் வைத்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். ‘அய்யாவுக்கு இருதயம் சரியில்ல, தெரிஞ்சா தாங்கமாட்டாரு’ என்று பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கியிருந்தான் பாவி! மாமனாருக்கு மலமும் மூத்திரமும் அள்ளிய மருமகள், அவர் கண்ணுக்குக் கடைசிவரை கொடுமைக்காரியாகவே நின்றாள்.

மத்தியானமாகியும் மகன் வரவில்லை. இனி வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிணத்தைக் குளிப்பாட்ட மகனும் மருமகளும் ஊருணிக்குப் போய் நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வரவேண்டும். மாரி தண்ணீர்ச் செம்பைத் தொட்டதுதான் தாமதம், முருகேஸ்வரி பிடுங்கிக்கொண்டாள்.

“விடுடி செம்ப! மகன அண்டவிடாதவ கையால அவருக்குத் தண்ணியா?”

அந்நேரம் பார்த்து தங்கசாமி எடுத்த வீடியோ காலில் யோகேஸ்வரனின் முகம் வந்தது. அக்காவின் சத்தம் அங்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது.

“அக்கா... அவளத் திட்டாதக்கா! பாஸ்போர்ட்டு எங்கிட்ட இல்ல. வெளிய தல காட்டுனா ஜெயிலு. அய்யாவுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான்... சத்தியம் வாங்குனேன். மச்சான், அய்யா மொகத்தக் காட்டுங்க... ஒரு தடவ!”

தங்கசாமி செல்போனைப் பெட்டியின் மேல் சாய்த்துப் பிடித்தார். அந்தப் பக்கம் ஓர் ஆண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான்.

முருகேஸ்வரி ஓடிப்போய் மாரியைக் கட்டிக்கொண்டாள்.

“எங்கிட்டயாவது சொல்லிருக்கக் கூடாதாடி! சாகும்போதுகூட அய்யா ஒன் மொகத்தப் பாக்காமல்ல திரும்பிக்கிட்டாரு...”

“போகட்டும் மதினி. மகன நெனச்சுப் பயந்து சாகலைல்ல...”

“இந்தா, செம்பப் பிடி. நீதான் எடுக்கணும். என் தம்பிக்கும் சேத்து நீயே எடு தாயி!”

ஊருணித் தண்ணீரை மாமனாரின் தலையில் ஊற்றியபோதுதான் மாரிக்கு அடக்கமுடியாமல் போயிற்று. குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள்.

“மாமா... ஒங்க மகனுக்கு வர ஆசதான் மாமா. நான் தடுக்கல மாமா... வழியில்ல...”

செல்லச்சாமியின் காதுக்கு இனி அது எட்டவா போகிறது!