தாளம் சரியாகும் வரை

டர்ர்ர்... டம்! டம்!

பூட்டிய அறைக்குள் யாரோ டிரம் அடித்தார்கள்.

மாலையைக் கழற்றப்போன பாண்டு மாஸ்டர் ராயப்பனின் கை அப்படியே நின்றது. ஓசூர் பக்கத்து மிஷன் உயர்நிலைப் பள்ளியில் அவருடைய இருபதாண்டுச் சேவைக்குப் பாராட்டு விழா அப்போதுதான் முடிந்திருந்தது. 1968 கிறிஸ்துமஸ் விடுமுறை. பையன்கள் எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

ஒரு வருஷமாக மகனைத் தேடி வந்துபோகும் மாரம்மா, கேட்டருகே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அது யாரு சார் அடிக்கறது? எம் மவன் கங்கப்பன் கைமாதிரியே இருக்குது!"

"உம் மவன் பெங்களூர் மில்லுல சேந்து சூட்டும் பூட்ஸுமா திரியறான். உன் ஞாபகம் இருந்தா வரமாட்டானா? போம்மா, போ."

ஒரு வருஷமாக அவளுக்கு அவர் சொல்லிவரும் கதை அது.

மாவட்டக் கேடயத்தை வெல்ல ராயப்பனிடம் இருந்தது ஒரே வழி. தாளம் தவறிய பையனை வாத்திய அறையில் போட்டுப் பூட்டுவார். கதவிடுக்கில் வாய் வைத்து, "தப்பு. முதல்ல இருந்து" என்பார். பிசகாமல் அடித்தால்தான் பூட்டு திறக்கும். அவரைத் தவிர யாரும் கதவைத் தொடக் கூடாது. கருங்கல் சுவர். உள்ளே கத்தினால் கேட் வரை கேட்காது. டிரம் மட்டும் கேட்கும்.

போன கிறிஸ்துமஸுக்குக் கங்கப்பனைப் பூட்டிவிட்டு, சாவியோடு மத்தூருக்கு உறவினர் வீட்டு விருந்துக்குப் போனார். பஸ்ஸில் நினைவு வந்தது. கிடக்கட்டும், புத்தி வரட்டும் என்று நினைத்தார். விருந்தில் மறந்தே போனார்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தவரும் அவர்தான். உள்ளே கிடந்த உடலைப் பெரிய டிரம் பெட்டிக்குள் மடக்கி வைத்து, ரிப்பேருக்கு என்று சொல்லி வண்டியேற்றி, கல்குவாரிக் குட்டையில் தள்ளினார்.

டம்! டம்!

மாரம்மா அறையை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"நில்லு! எவனோ திருட்டுப்பய. நானே பாக்கறேன்."

பிரம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். பூட்டைத் திறந்து கொண்டியில் மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தார்.

யாரும் இல்லை.

பழந்தோல் வாடை. அதற்கடியில் வேறொரு வாடை. அதை அவர் அறிவார்.

தரையில் டிரம் கிடந்தது. அதன் தோல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. குச்சிகளின் பிடியில் காய்ந்த ரத்தம்.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே கொண்டி விழுந்தது. பூட்டு க்ளிக்கென்றது.

சாவி அவர் பையில்தான் இருந்தது.

கத்தினார். கதவை உதைத்தார். கடைசியில் குச்சிகளை எடுத்து வெறிபிடித்தவர்போல் டிரம்மை அறைந்தார்.

கேட்டருகே மாரம்மா கேட்டாள்: "என்ன பாய், இன்னும் அடிக்கறாங்க?"

"சார் வேலதாம்மா. மாட்டினவனப் பழக்கறாரு," என்றார் வாட்ச்மேன் சாந்த் பாஷா. "பூட்டு தொங்குது பாரு, உள்ள எவனையோ வச்சு அடிக்கவிடறாரு. அவரு சொல்லாம அந்தக் கதவத் தொட்டா எம் வேல போயிடும். சாருகிட்ட பின்வாசல் சாவி இருக்குது, அவரு போய்க்குவாரு. நட, கேட்ட சாத்தணும். இனி பொங்க முடிஞ்சாத்தான் பள்ளிக்கூடம்."

இரும்புக் கேட் கிறீச்சிட்டு மூடியது.

ராயப்பனின் விரல்கள் கிழிந்தன. அவருக்குத் தெரிந்த அணிவகுப்புத் தாளத்தை, ஒரு அடிகூடப் பிசகாமல் அடித்து முடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

கதவிடுக்கில் ஈரமான மூச்சு பட்டது.

"தப்பு, சார். முதல்ல இருந்து."