கொள்ளி வைக்காத கொடும்பாவி

ஏழு நாள் மழையில் வல்லத்திராக்கோட்டையே சேறாகிக் கிடந்தது. செவந்தியின் வீட்டுக்கு எதிரே தெருவில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் மண் புழுதியாகவே இருந்தது. மழை அதன்மேலும் விழத்தான் செய்தது, நனைக்கவில்லை. கொடும்பாவியை இழுத்துப் போன தடம் அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டோடு சேர்த்து மூன்று வருஷமாக வானம் ஏமாற்றியதில், ஊர்க்காரர்கள் கூடி வைக்கோலில் ஒரு மனுஷ உருவம் கட்டினார்கள். ஊர்ப் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்தார்கள். மயானத்தில் அதை எரித்தால் மழை வரும் என்பது வழக்கம். அதற்கு மகன் முறையில் கொள்ளிச்சட்டி தூக்கியவன் செவந்தியின் புருஷன் ராக்கன். சிதையில் கிடத்தும்போதே மழை கொட்டிவிட்டது. இனிமேல் கொள்ளியாவது ஒன்றாவது என்று சட்டியைப் போட்டுவிட்டு, பெரிய மனிதர்கள்கூட மழையில் ஆட்டம் போட்டார்கள். அதை எரிக்க வேண்டும் என்று அப்புறம் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மழை நிற்கவே இல்லை. கண்மாய்க் கரை இன்றோ நாளையோ உடையும் என்றார்கள். வீட்டின் பின்சுவர் ஊறிச் சரிந்துவிட்டது. ஒரு வயசு அமிர்தவல்லியை இடுப்பிலிருந்து இறக்கவே செவந்திக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் காலையில் வந்தது. நேற்றுவரை தெருவோடு நேராகப் போன தடம், இன்று அவர்கள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அவள் சொல்லக் கேட்டதும் ராக்கன் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தான்.

"போகாதீங்க. அது ஒங்களைத்தான் தேடுது."

"கொள்ளி வைக்காம விட்டது நாந்தான? வச்சிட்டு வாரேன். நீ கதவைச் சாத்திக்க."

உச்சிப்பொழுதிலேயே விளக்கேற்ற வேண்டியிருந்தது. ஓட்டில் இரையும் மழையையும், எங்கோ சுவர் பொத்தென்று விழும் சத்தத்தையும், ஈர மண்ணின் புளித்த வாடையையும் தாண்டி, அவள் காது புருஷனின் காலடிக்கு மட்டும் காத்துக் கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். அத்தனை மழையிலும் மயானத்தில் புகை எழுந்தது. எரித்துவிட்டார், இனிப் பயமில்லை என்று உயிர் வந்தது அவளுக்கு.

காற்று இங்கிட்டுத் திரும்பியது. வைக்கோல் கருகும் வாசனை அதில் இல்லை. முடி கருகும் நாற்றம்தான் இருந்தது.

தெருவில் காலடி கேட்டது. சேற்றில் மிதிக்கும் சத்தமாக இல்லை. சரசரப்பு. வாசல்வரை வந்தது. நின்றது.

"செவந்தி, கதவைத் திற."

அவர் குரலேதான். திறந்தாள்.

ராக்கன் நின்றான். பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வேட்டி மொடமொடத்தது.

அவன் படியேறி உள்ளே வந்தான். மழை நின்றது.

தெருவில் ஊரே சந்தோஷத்தில் கூச்சலிட்டது. மயானத்தில் எரிவது யார் என்று செவந்திக்கு விளங்கிவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"எரிச்சாச்சு. புள்ளையக் குடு."

அவள் கொடுக்கவில்லை. குழந்தைதான் அப்பாவைக் கண்டு தாவியது. அவன் கழுத்தோரம் துருத்திக்கொண்டிருந்த ஒற்றை வைக்கோலைப் பிடித்து, சிரித்துக்கொண்டே இழுத்தது.

அது வந்துகொண்டே இருந்தது.