சிரிப்புக்கு ஒதுக்கிய காற்று

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு ஜெபராணி முகத்தில் மூச்சுமானிக் கவசத்தை மாட்டி, நாடாவைப் பின்தலையில் இறுக்கிவிட்டு, சிரிப்பதற்காகத் தன் இருக்கையில் உட்கார்ந்தார். நிலவின் மதிக்குடியில் அது ஓர் அரசு வேலை. பதவியின் பெயர் மூச்சு மதிப்புரையாளர். இருபத்தேழு ஆண்டுகளாக அவர் அதைச் செய்துவந்தார். அந்த ஆண்டுகளில் அவர் பெரிதாக ஒன்றும் சிரித்துவிடவில்லை.

மதிக்குடி, நிலவின் தரைக்கு அடியில், எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகை ஒன்றில் இருந்தது. பத்தொன்பதாயிரம் பேர். பனிக்கட்டியை வெட்டி எடுத்து, அதிலிருந்து பிரித்த காற்றைத்தான் எல்லாரும் சுவாசித்தார்கள். ஊர் தொடங்கிய ஆண்டிலேயே காற்றுத் துறை சிரிப்பு வரம்புச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. வாய்விட்டுச் சிரிப்பவர் ஒரு நிமிடத்தில் இரண்டு நிமிடக் காற்றைச் செலவழிக்கிறார். ஊரே ஒரே நேரத்தில் சிரித்தால் வடிகட்டிகள் திணறிவிடும் என்பது துறையின் அச்சம். அதனால் எந்த நகைச்சுவை நிகழ்ச்சியும் மதிப்புரையாளர் பார்த்து வகை பிரித்த பிறகே மக்களின் மணிக்கட்டில் இருக்கும் கைத்திரைகளுக்குப் போகும். முறுவல், குலுங்கல், வெடிச்சிரிப்பு என்று மூன்று வகை. முதல் வகைக்கு மட்டுமே அனுமதி.

ஜெபராணியின் மதிப்புரைகள் சுருக்கமானவை. 'எந்திரமும் எங்கள் மாமாவும், ஒன்பதாம் பகுதி. நடிப்பு பரவாயில்லை. இரண்டாம் காட்சியில் மூக்கு வழியே ஒருமுறை காற்று வந்தது. முறுவல் வகை.' இதை மதிக்குடியில் பலர் விரும்பிப் படித்தார்கள். நிகழ்ச்சியைவிட இது நன்றாக இருக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள்.

அன்று வந்திருந்த விண்ணப்பம் வேறு மாதிரி. பூமியின் ஆவணக் காப்பகத்திலிருந்து தருவிக்கப்பட்ட பழைய நிகழ்ச்சி. பெயர், 'பதினொண்ணரைக் கூத்து', பகுதி 214. விண்ணப்பித்தவர் முதியோர் பிரிவில் இருக்கும் சுடலைமுத்து, வயது எண்பத்து மூன்று.

பெயரைப் பார்த்ததும் ஜெபராணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வரும் நிகழ்ச்சி அது. நாலைந்து துணுக்கு நாடகங்கள், நடுவில் ஒரு பாட்டு. பூமியில், பாளையங்கோட்டைச் செவிலியர் விடுதியில், ஜெபராணியையும் சேர்த்துப் பதினொரு பெண்கள், எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்த ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள். வார்டன் காதில் விழாமலிருக்க ஆளுக்கொரு தலையணையை வாயில் அழுத்திக்கொள்வார்கள். ஸ்டெல்லாவின் சிரிப்பு அடிபம்பில் தண்ணீர் வருவதற்கு முன் கேட்கும் சத்தம் போலிருக்கும். காந்திமதி சத்தமே இல்லாமல் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுவாள். ஒருநாள் கதவைத் திறந்து வார்டனே வந்து நின்றார். யாரும் மூச்சுவிடவில்லை. அவர் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அன்று ஓடிக்கொண்டிருந்தது இந்தப் பகுதிதான்.

ஜெபராணி ஓடவிட்டார்.

துஷ்டி கேட்கப் போகும் ஒருவன் தெரு மாறி வேறொரு சாவு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். நுழைந்த வேகத்தில் ஓங்கி அழுதும் விடுகிறான். சொந்தக்காரர்கள் நெகிழ்ந்துபோய், எப்படிப் பழக்கம் என்று கேட்கிறார்கள். ஒன்றாகப் படித்தோம் என்கிறான். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லையே என்கிறார்கள். "அதத்தான் நெனச்சு அழுதேன். நான் உள்ள உக்காந்திருப்பேன், அவன் வெளிய நிப்பான்" என்கிறான். அந்த இடத்தில், மாலையும் கழுத்துமாகக் கிடக்கும் பிணம் ஒரு கண்ணைத் திறந்து, யாரடா இவன் என்று பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. கடைசியில் கொள்ளிச்சட்டியே அவன் கைக்கு வந்துவிடுகிறது. முச்சந்தியில் எதிரே இன்னொரு பாடை வருகிறது. அவன் போயிருக்க வேண்டிய பாடை. பின்னால் அவன் அலுவலகமே நடந்து வருகிறது.

மூச்சுமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி அங்கேயே நின்றது. ஜெபராணி கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்ற வேண்டியிருந்தது.

'முறுவல்' என்று எழுதினால் முடிந்தது. ஆனால் பத்தொன்பதாயிரம் பேரின் காற்றில் அவர் பொய் சொன்னதில்லை. மேலும், அந்த நிகழ்ச்சியை முறுவல் என்று எழுதுவது அதை அவமதிப்பதாகவும் தோன்றியது. 'பகுதி 214. ஒரு குறையும் இல்லை. பிணமாக நடித்தவரின் வயிறு குலுங்குவது தெரிகிறது, அதுவும் நன்றாக இருக்கிறது. ஒருவருக்குப் பதினோரு நிமிடச் சிரிப்பு. வெடிச்சிரிப்பு வகை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதாவது, அனுமதி இல்லை.

அதை நேரில் சொல்ல முதியோர் பிரிவுக்குப் போனார். சுடலைமுத்து சன்னலில்லாத அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்பார்வை போய் மூன்று ஆண்டுகளாகின்றன. பனிச் சுரங்கத்தில் பொறியாளராக இருக்கும் மகளோடு எட்டு ஆண்டுகளுக்கு முன் நிலவுக்கு வந்தவர்.

"அண்ணாச்சி, காத்துத் துறையிலேர்ந்து வாரேன். உங்க விண்ணப்பத்த நாந்தான் பாத்தேன்."

"பாஸாயிருக்காதே" என்றார் அவர். "நல்லாருந்தா பாஸாகாதுன்னு எம்மக சொன்னா."

"நல்லாருந்துச்சு. அதான் வெனையாப் போச்சு. அதுல அந்தப் பொணம்..."

"நாந்தான்."

ஜெபராணி அவர் வயிற்றைப் பார்த்தார். பிறகு, "ஒத்த ஆளு கேக்கதுக்குச் சட்டத்துல தடையில்ல. ஒங்க மகட்ட சொல்லி இங்க அறையில போட்டுக் கேக்கலாமே. பதிவுலயே ஆளுங்க சிரிக்க சத்தம் இருக்கே" என்றார்.

"அதுல சிரிக்கவங்கள்ல பாதிப் பேரு செத்துட்டாங்க தாயி. பொணமா நடிச்சவன் உக்காந்திருக்கேன்." சுடலைமுத்து கையால் முகத்தைத் தடவிக்கொண்டார். "நாப்பது பகுதி நடிச்சேன். பொணம், மயக்கம் போட்டவன், தூங்குதவன், இப்படித்தான் குடுப்பாங்க. வசனம் கெடையாது. கண்ண மூடிக் கெடப்பேன். சனம் சிரிக்கத நான் பாத்ததே இல்ல, கேட்டதுதான். ஒரு ஷெட்டுல அறுவது பேர டீயும் பன்னும் குடுத்து உக்கார வச்சிருப்பாங்க. எங்கயோ ஒருத்தன் ஆரம்பிப்பான். பக்கத்துல ஒரு பொம்பள பிடிச்சுக்கிடுவா. அப்புறம் தகரத்துல மழ வாற மாதிரி பின்னாலேர்ந்து முன்னால வரும். சாகதுக்கு முந்தி ஒரு மட்டம் உசுரோட இருக்க கூட்டத்துல அதக் கேக்கணும். அம்புட்டுதான்."

மறுநாள் ஜெபராணி காற்றுத் துறைத் தலைவர் தெய்வசிகாமணியின் முன் போய் நின்றார். தலைவருக்கு நாற்பத்தொரு வயது. ஏழு வயதில் நிலவுக்கு வந்தவர். கூட்டம் சேர்ந்து சிரிப்பதைக் கேட்டதாக அவருக்கு நினைவே இல்லை. அதை ஒரு விபத்தாகத்தான் பாடத்தில் படித்திருந்தார்.

"சட்டத்துல எடமில்லையே மேடம்."

"காத்த மிச்சம் பிடிச்சா எடமிருக்கு சார். ஆளாளுக்கு ஓட்டப்பட்டையில தெனமும் ஒரு மணி நேரம் ஓடுறோம். நாலு நாள் ஓடாம இருந்தா அந்தக் காத்து போதும்."

"எடை கொறஞ்ச ஊரு மேடம். ஓடலன்னா எலும்புக்கு நல்லதில்ல."

"நாலு நாள்தான் சார்."

தெய்வசிகாமணி ஊரைக் கேட்டார். கைத்திரைகளில் வாக்கு எடுத்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் சம்மதித்தார்கள். அந்த வாரம் முழுவதும் மதிக்குடியில் இதே பேச்சு. பூமியில் பிறந்த கிழவர்கள் தாங்கள் எங்கெங்கே எப்படிச் சிரித்தார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். குடலிறக்கம் உள்ளவர்கள் ஓரமாக உட்காரும்படி மருத்துவப் பிரிவு அறிவித்தது. மிச்சமான காற்றை இரண்டு கூடுதல் உருளைகளில் அடைத்து, அரங்கத்தின் பின்னால் நிறுத்தினார்கள். சுடலைமுத்து ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டார். பழைய சிரிப்புச் சத்தத்தைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அரங்கத்தில் ஆயிரத்து நூறு பேர். மற்றவர்கள் அவரவர் வீட்டில். சுவரில் ஒரு பக்கம் காற்றின் அளவைக் காட்டும் முள், மறுபக்கம் கைத்திரைகளிலிருந்து வருவதைக் காட்டும் பலகை. ஜெபராணி சுடலைமுத்துவை முன் வரிசையில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். நிகழ்ச்சி தொடங்கியது.

தெரு மாறியவன் உள்ளே நுழைந்து ஓங்கி அழுதான். அரங்கம் அமைதியாக இருந்தது. பள்ளிக்கூடத்து வசனம் வந்தது. பிணம் கண்ணைத் திறந்து பார்த்து மூடியது.

"ஓடலயா?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"ஓடுது அண்ணாச்சி."

"ஆளு வரலையோ?"

ஜெபராணி திரும்பிப் பார்த்தார். ஆயிரத்து நூறு முகங்கள் கைத்திரையின் வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தன. எல்லாருடைய கட்டைவிரலும் அசைந்துகொண்டிருந்தது. பலகையில் சிரிமுகங்கள் பொங்கி வழிந்தன. கண்ணீர் விட்டுச் சிரிப்பவை, சாய்ந்து சிரிப்பவை, பல் தெரியச் சிரிப்பவை. 'வயிறு வலிக்குது.' 'முடியல.' 'செத்தேன்.' பக்கத்து இருக்கைக்காரர் முதுகு நேராக, வாய் மூடி உட்கார்ந்து, 'விழுந்து விழுந்து சிரிக்கிறேன்' என்று அனுப்பினார். அது பலகையில் வந்ததும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். காற்று முள் அசையவே இல்லை.

"எல்லாரும் வந்திருக்காங்க அண்ணாச்சி. கையில அமுக்குதாங்க. இதுவரைக்கும் ரெண்டு லச்சம் சிரிப்பு வந்திருக்கு."

"எங்க வந்திருக்கு?"

ஜெபராணி பலகையைப் பார்த்தார். இந்தக் கிழவரை இங்கே கூட்டிவந்திருக்க வேண்டாமே என்றிருந்தது. அப்போது திரையில் பாடை தூக்கினார்கள். தூக்கிய குலுக்கலில் பிணத்தின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. பிணம் உதட்டைக் கோணி அதை ஊதப் பார்த்தது. வருத்தத்தின் நடுவிலும் ஜெபராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணை இல்லாததால் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பயனில்லை.

சுடலைமுத்து காதைத் திருப்பினார். "இந்தப் பக்கம் யாரோ சிரிக்காப்ல இருக்கே."

"நாந்தான்."

"நீங்க டிப்பார்ட்மென்ட் ஆளு. ஒங்கள எண்ணப்படாது" என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக் கைத்தடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வயிறு குலுங்க, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பாடையில் கிடந்தபோது அடக்கிய சிரிப்பை அவர் சிரித்து முடித்தார். அதைக் கேட்டு ஜெபராணிக்கு இன்னும் அதிகமாயிற்று. பின்வரிசையில் ஒருவர் உஷ் என்றார்.

திங்கட்கிழமை காலை தெய்வசிகாமணி ஜெபராணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மதிக்குடி வரலாத்துலயே இவ்வளவு வரவேற்பு எதுக்கும் இல்ல மேடம். நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம் சிரிமுகம். இன்னொரு பகுதி போடச் சொல்லிக் கேக்குறாங்க. ஆனா உருளைக் காத்து வச்சது வச்சபடி இருக்கு. உங்க மூச்சுமானியில ஏதாச்சும் கோளாறா?"

"மூச்சுமானி நல்லாத்தான் இருக்கு சார். மொதல்ல ஊரு சிரிச்சாக் காத்து தீரும்னு எத வச்சுச் சொன்னாங்க? அதப் பாக்கணும்."

சட்டத்தின் மூல அறிக்கையை யாரும் திறந்து பார்த்ததில்லை. முப்பத்து நான்கு ஆண்டு தூசு மின்கோப்புகளுக்கு இல்லையென்றாலும், அதைத் தேடி எடுக்க மதியமாகிவிட்டது. இருவரும் சேர்ந்து படித்தார்கள்.

ஊரை வடிவமைத்த பொறியாளர்களுக்கு அவசரம். ஒரு மனிதன் நாளொன்றுக்கு எத்தனை முறை சிரிக்கிறான் என்று உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. நிலவுக்கு வர விண்ணப்பித்தவர்கள் தங்கள் கைப்பேசிகளை ஒப்படைத்திருந்தார்கள். அவற்றில் நான்கு கோடிச் செய்திகள் இருந்தன. ஒரு சிரிமுகத்தை ஒரு சிரிப்பாகவும், கண்ணீர் விடும் சிரிமுகங்கள் மூன்று சேர்ந்து வந்தால் அதை ஒரு வெடிச்சிரிப்பாகவும் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'செத்தேன்' என்று எழுதியிருந்தவற்றை மருத்துவக் குழு தனியே ஆராய்ந்து, மூச்சுத் திணறலுக்கு நெருங்கிய நிலை என்று குறித்திருந்தது. முடிவு: மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு அறுபத்து மூன்று முறை வாய்விட்டுச் சிரிக்கிறான். இப்படிப்பட்ட மக்களை மூடிய குகைக்குள் வைத்திருப்பது ஆபத்து.

தெய்வசிகாமணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க அந்தக் காலத்து ஆளு. ஒரு நாளைக்கு அறுபத்து மூணு தடவ சிரிச்சீங்களா மேடம்?"

விடுதியை விட்டுப் பிரிந்த பிறகு பதினொரு பேரும் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தது ஜெபராணிக்கு நினைவு வந்தது. ஸ்டெல்லா எதையாவது அனுப்புவாள். பேருந்து நெரிசலில், பாதித் தூக்கத்தில், ஒருமுறை பல் வலியோடு, இவரும் மூன்று முகங்களைத் தட்டி அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கம் அவள் என்ன முகத்தோடு இருந்தாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இவருடைய கைப்பேசியும் அந்த நான்கு கோடிக்குள் இருந்திருக்கும்.

"சிரிச்சோம்னு அனுப்பினோம் சார்" என்றார்.

"அப்போ, சிரிக்காத ஜனத்துக்கு, சிரிக்கக் கூடாதுன்னு முப்பத்து நாலு வருஷமாச் சட்டம்."

"ஆமா சார். அத அமல்படுத்த நான் ஒரு ஆளு, நீங்க ஒரு ஆளு."

தெய்வசிகாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ, இந்த மனிதன் இப்போது சிரித்துவிடுவான் என்று ஜெபராணி எதிர்பார்த்தார். அப்படிச் சிரித்தால், மதிக்குடியில் பார்வை இருப்பவர்களில் தன்னைத் தவிர வாய்விட்டுச் சிரிப்பவர் ஒருவராவது இருக்கிறார் என்றாகும். தலைவரின் கட்டைவிரல் மணிக்கட்டை நோக்கிப் போனது. ஜெபராணியின் கைத்திரை அதிர்ந்தது.

மூன்று சிரிமுகங்கள், கண்ணீரோடு. அவர் நிமிர்ந்து பார்த்தார். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முகத்தோடு, தெய்வசிகாமணி அடுத்த கோப்பைத் திறந்துகொண்டிருந்தார்.