அதிகம் காயப்படுத்தியவன்

மூன்று பேர் மட்டுமே சேர்ந்திருந்த போன் ஆட்டத்தில் நான்காவது பெயருக்குப் பக்கத்திலும் பச்சைப் புள்ளி எரிந்தது.

நுஸ்ரத்.

இஜாஸ் போனைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தான். புள்ளி போகவில்லை. தாராவியில் தோல் பட்டறைக்கு மேலே, தகரக் கூரையை ஞாயிற்றுக்கிழமை மதிய மழை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, சொல்யூஷன் பசையின் நெடியும் நனைந்த தோலின் வாடையும் பலகை இடுக்குகள் வழியாக ஏறிவரும் அந்த அறையில், இரும்பு ஏணி ஏறிவரும் வாயருகே ஜமால், நடுவில் இசக்கி, கடைசியில் சுவரோரம் இஜாஸ் என்று எப்போதும்போல உட்கார்ந்திருந்தார்கள்.

“அவ ஐடிய எவனோ எடுத்துட்டாம்லே,” என்றான் இசக்கி. “நேத்துதான் அவளுக்கு நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுனாங்க. பிரியாணி தின்ன கையோட வந்து திருடிருக்கான்.”

யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டத்தில், குழுவில் அடிபட்டவர்களுக்கு மருந்து கொடுப்பவள் நுஸ்ரத். ஆட்டத்தின் நடுவே அவள் சிரித்துப் பேசியதையெல்லாம் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, யாருக்கும் தெரியாத எண்ணிலிருந்து அவள் வாப்பாவுக்கு அனுப்பியவன் இஜாஸ். அவனை வேண்டாம் என்றிருந்தாள், அதற்காக. மறுவாரம் சயான் ஸ்டேஷனில் ரயிலுக்கு எதிரே நடந்துபோனாள். பதிவு வந்ததை அவள் வாப்பா யாரிடமும் சொல்லவில்லை; அவள் சாவுக்கு ஜமால்தான் காரணம் என்று எல்லோரும் சந்தேகித்தார்கள். இஜாஸ் வாய் திறக்கவில்லை.

திரையில் கொம்பன் எழுந்தான். அந்த மிருகம் பக்கத்தில் நிற்பவனைத் தாக்காது. தன்னை அதிகம் காயப்படுத்தியவன் யார் என்று மனதில் வைத்திருந்து, குறுக்கே நிற்பவர்களையெல்லாம் விட்டுவிட்டு அவனைத் தேடிப் போகும். அதனால்தான் இஜாஸ் எப்போதும் அளவாகச் சுடுவான். ஜமாலைத் தூண்டிவிட்டு அவன் பின்னால் நிற்பான்.

இன்று அவன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆனாலும் அதிகம் காயப்படுத்தியவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. எண் ஏறிக்கொண்டே இருந்தது.

கொம்பன் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான்.

கீழே, ஏணியின் முதல் படி முனகியது.

“பட்டறை பூட்டித்தானே கெடக்கு?” என்றான் இஜாஸ்.

“சாவி எங்கிட்டதான் இருக்கு,” என்றான் இசக்கி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது படி. மூன்றாவது. பசை நெடி அடங்கி வேறொரு வாடை வந்தது: துரு, ஈரச் சரளைக்கல், தண்டவாள ஓரத்து மூத்திரம். மொத்தம் பதினோரு படிகள். அவன் எண்ணினான். பத்து. பதினொன்று.

ஏணி வாயில் யாருமில்லை.

பலகையில் ஓர் ஈரப் பாதம் பதிந்தது. சின்னப் பாதம். பக்கத்தில் இன்னொன்று. ஜமாலின் முழங்காலருகே நின்றது.

“ஜமால்தான்,” என்றான் இஜாஸ். “ஜமால்தான் அனுப்புனான்.”

ஜமால் மெல்ல நிமிர்ந்தான். “என்னத்தலே அனுப்புனேன்?”

ஜமால் இஜாஸையே பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான்.

கால்களை மடக்கி வழி விட்டான்.

பாதங்கள் நகர்ந்தன. இசக்கியும் ஒதுங்கினான். இஜாஸின் முதுகுக்குப் பின்னால் சுவர். மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

ஒரு அடி.

இன்னொன்று.

இரண்டு ஈரப் பாதங்கள், விரல் நுனிகள் அவன் கால்விரல் நுனிகளைத் தொட்டபடி. அவற்றுக்கு மேலே எதுவுமில்லை. அந்த எதுவுமில்லாததிலிருந்து, அவன் மடியில் கிடந்த போன்மேல், சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.