துணைக்கு ஏறியவர்

எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லை.

புவனேசன் காலைத் தளர்த்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி மெல்ல அழுத்தினார். முதலில் ஒன்றுமில்லை. இருக்கைக்குக் கீழே எஞ்சின் வீறிட்டது. அப்புறம், ரொம்பத் தாமதமாக, கியர் 'டொக்'கென்று பிடித்துக்கொள்ள, அந்தப் பழைய வீட்டு வேன் முழுதும் குலுங்கி முன்னால் தாவியது. சமையல் மேடையில் பாத்திரங்கள் மோதின. அதற்கும் பின்னால், கடைசி ஜன்னலை ஒட்டிய கட்டிலில், பிரேமாவதி முனகினாள்.

"மெதுவா போங்க லா. தையல் பிரிஞ்சிடப் போவுது."

"மெதுவாத்தான் போறேன். கியர் வழுக்குது."

"உங்க கியர் வழுக்குறதுக்கு என் முதுகுதான் கிடைச்சிச்சா?"

அவர் சிரிக்கவில்லை. முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவளால் கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாது. ஆள் பிடிக்காமல் எழுந்து நிற்கவும் முடியாது. படுத்தபடியே பயணம் போகட்டும் என்றுதான் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டிய இந்தப் பழைய ஜப்பான் டீசல் வண்டியை அவர் தேடி வாங்கினார். ஜித்ராவில் மகள் வாசுகிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. நாளைக் காலை பெயர் வைக்கிறார்கள். பேரனின் முகத்தைப் பிரேமாவதி இன்னும் கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறாள். அவளைப் பத்திரமாக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். புவனேசனின் மண்டைக்குள் இருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

பெடோங் பக்கம் பெரிய ரோட்டில் வெள்ளம் என்று கைப்பேசி காட்டிய குறுக்கு வழி, சுங்கை லாலாங் எஸ்டேட்டுக்குள் இழுத்து வந்துவிட்டிருந்தது. மழை விட்டிருந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. ஆனாலும் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நின்று, மட்டைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை உதிர்த்துக்கொண்டு, இருக்கிற வெளிச்சத்தையும் தங்கள் காலடிக்கு இழுத்துக்கொண்டிருந்தன. முன்னால் ஒரு சின்ன ஏற்றம். அதில் பாதிதான் ஏறியிருப்பார். எஞ்சின் கத்தியது. வண்டி நின்றது. சட்டியில் எண்ணெய் தீய்ந்ததுபோல ஒரு கருகல் வாடை காலுக்கடியிலிருந்து எழும்பியது.

பின்னுக்கு உருளவிட்டு, ஏற்றத்தின் அடியில், சமதரையில் நிறுத்தினார்.

இடது பக்கம் ஒரு பெரிய மரம். அதன் அடியில் உடைந்த சிமெண்டு மேடை. மரத்தில் சுற்றிய சிவப்புத் துணி வெளுத்து நூலாகத் தொங்கியது. மேடைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த சூலம் ஒன்று சாய்ந்திருந்தது.

முனியாண்டி, என்று நினைத்ததுமே அவருக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

எஸ்டேட் லோரிக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். முனியாண்டி எல்லையில் வண்டி மக்கர் பண்ணினால், சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து மேடையில் வைக்க வேண்டும். பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து சாமியை ஏறிக்கொள்ளச் சொல்ல வேண்டும். எல்லை தாண்டியதும் வண்டியை நிறுத்தி இறக்கிவிட வேண்டும். புவனேசனும் எஸ்டேட்டில் பிறந்தவர்தான். சுருட்டு இல்லை. சட்டைப் பையில் இருந்த சிகரெட்டைப் பற்றவைத்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்த பிரேமாவதி, "சாமிக்கு மெந்தால் சிகரெட்டா? கொஞ்சமாச்சும் வெட்கம் இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

"சும்மா இரு. இருக்கிறதைத்தானே குடுக்க முடியும்."

மேடையின் நடுவில் லாலாங் புல் இடுப்புயரம் மண்டிக் கிடந்தது. உள்ளே கல் இருக்கிறதா, சிலை இருக்கிறதா என்று விலக்கிப் பார்க்க அவசரம் விடவில்லை. சிகரெட்டை ஓரத்தில் வைத்துக் கும்பிட்டு, இடது பக்கக் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

"ஐயா, பொண்டாட்டி எழுந்திருக்க முடியாம படுத்திருக்கா. வண்டி முரண்டு பண்ணுது. ஏறிக்குங்க. பெரிய ரோடு வரைக்கும் துணைக்கு வாங்க."

மரத்தில் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

கதவைச் சாத்தினார். எப்போதும் இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டிய கதவு. இப்போது உள்ளேயிருந்து யாரோ கைப்பிடித்து இழுத்ததுபோல் மெத்தென்று மூடிக்கொண்டது.

நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

கியர் எண்ணெயின் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பி நிறத்தில், அதுவும் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. எங்கோ ஒழுகுகிறது. எஞ்சினை அணைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, தார்ப்பாயை விரித்துக் கீழே நுழைந்தார். எண்ணெயைக் குளிரவைக்கக் கொண்டுபோகும் ரப்பர்க் குழாய், ஓர் இரும்பு விளிம்பில் உரசி உரசிக் கீறல் விட்டிருந்தது. பெருமூச்சு வந்தது. இது அவர் கைக்கு அடங்குகிற கோளாறு. மாற்றுக் குழாயும் அதை இறுக்கும் பட்டைகளும் பெட்டியில் இருந்தன.

வேலையின் நடுவில் மேலே ஸ்பிரிங் முனகியது. வண்டியின் முன்பக்கம், இடது ஓரமாக, மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தாழ்ந்தது.

"பிரேமா, புரளாத."

"நான் எங்க புரண்டேன்? புரள முடிஞ்சாத்தான் நடந்தே ஜித்ரா போயிருப்பேனே."

ஈரம் என்று நினைத்துக்கொண்டார். மண் இறங்கியிருக்கும். ஆனால் ஈர மண்ணுக்கும் டீசலுக்கும் நடுவே வேறொரு வாடை வந்தது: பால் சேர்க்கும் கொட்டாயில் நாள்பட்டுப் புளித்த ரப்பர் பால் வாடை. சின்ன வயதில் அப்பாவின் சட்டையில் அடித்த வாடை. இந்த எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

குழாயை மாட்டி முடித்தார். புனல் வைத்துப் புது எண்ணெய் ஊற்றினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை அழுத்திக்கொண்டு, கியரை ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் நிறுத்தி, எண்ணெய் எல்லா இடுக்கிலும் பாய விட்டு, மறுபடி பார்க்கிங்கில் கொண்டுவந்து வைத்தார். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தார். அப்போதுதான் பக்கத்து இருக்கை கண்ணில் பட்டது.

மெத்தை அமுங்கியிருந்தது. கனமான ஆள் உட்கார்ந்தால் எப்படிக் குழியுமோ அப்படி.

பழைய மெத்தை. அப்படித்தான் இருக்கும். கையை நீட்டித் தொட்டுப் பார்க்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

எஞ்சின் ஓடும்போதுதான் ஒழுக்கு தெரியும். மறுபடி தார்ப்பாயில் படுத்துக் கீழே நுழைந்தார். டார்ச் வெளிச்சத்தில் புதுக் குழாய் சொட்டில்லாமல் காய்ந்திருந்தது. கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் வைத்து, பாக்கார் ஆராங்கில் பட்டறை வைத்திருக்கும் மணியம் அண்ணனை அழைத்தார். இந்த வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். அந்தக் காலத்தில் இதே எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர்.

"அண்ணே, கூலர் குழாய்தான். மாத்திட்டேன்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல? நீ எங்க கேட்ட. சரி, எண்ணெய் சூடானதும் இன்னொரு வாட்டி அளவு பாரு. எங்க நிக்கிற?"

"சுங்கை லாலாங் உள்ளாற. ஏத்தத்துக்குக் கீழ, முனியாண்டி மேடை கிட்ட. கவலை இல்லண்ணே, சாமிய வண்டியில ஏத்திக்கிட்டுத்தான் வேலை பார்த்தேன்."

எஞ்சின் அவர் முகத்துக்கு மேலே துடித்துக்கொண்டிருந்தது.

"எந்தச் சாமிய?"

"முனியாண்டியத்தான்."

"தம்பி." மணியத்தின் குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. "தொழிலாளிங்க இருந்த லயத்து வீடுங்கள இடிக்கிறப்ப அந்தச் சாமி கல்ல பெயர்த்து, பூசை போட்டு, டவுன் கோயிலுக்குக் கொண்டு போயாச்சு. நான்தான் டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போனேன். அங்க சாமியே இல்ல. அது காலி மேடை. சாமி போனதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒருத்தனும் நிக்கிறதில்ல. நீ யாரைடா ஏறச் சொன்ன?"

மேலே பலகை கிறீச்சிட்டது.

இடது பக்கம். பிறகு நடுவில். பிறகு வலது பக்கம்.

தாழ்ந்திருந்த இடது ஸ்பிரிங் நிமிர்ந்தது. ஓட்டுநர் பக்கம் தாழ்ந்தது.

"பிரேமா!" டார்ச்சால் மேலே தட்டினார். "பிரேமா, யாரு வண்டியில?"

தரைப் பலகை வழியாக அவள் குரல் சாவகாசமாக இறங்கி வந்தது. "யாரு? நீங்கதான். முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க, தலை தெரியுதே. அது என்ன, குரல் மட்டும் எங்கயோ கீழேருந்து வருது?"

புளித்த வாடை மூக்கை அடைத்தது.

"பிரேமா. நான் கீழ இருக்கேன். வண்டிக்குக் கீழ!"

"விளையாடாதீங்க. வலிக்குது. எடுங்க வண்டிய, பிள்ளையப் பார்க்கப் போவோம்."

ஹேண்ட் பிரேக் இறங்கியது. அந்தக் கடகட சத்தம் அவருக்குத் தெரியும்.

டார்ச் வெளிச்சம் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் விழுந்தது. அங்கே கியர்க் கம்பியில் பூட்டிய சின்ன இரும்புக் கை. மேலே ஆள் கியரை மாற்றினால்தான் அது அசையும்.

அசைந்தது.

ஒரு படி. நின்றது. அடுத்த படி. நின்றது. அவர் செய்ததைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் நிறுத்தி. டிரைவில் வந்து உட்கார்ந்தது.

"தம்பி, வெளிய வா! அவளை இறக்கு! முதல்ல அவளை…" கைப்பேசியில் மணியம் கத்தினார்.

புவனேசன் உருண்டார். தோள் சேற்றில் அடித்தது. காதுக்குப் பக்கத்தில் பின் சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கியது. கைப்பேசி நொறுங்கியது. மணியத்தின் குரல் அதோடு போனது.

எழுந்தார். வழுக்கினார். மறுபடி எழுந்தார். வண்டி ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. உறுமல் இல்லை, குலுக்கல் இல்லை. தண்ணீர் வழிவதுபோல் ஏறியது.

"பிரேமா! பிரேமா!"

ஓடினார். பின் ஜன்னல் எட்டும் தூரத்தில் இருந்தது. திரை விலகியது. படுத்தவாக்கிலேயே அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவரைத்தான் பார்த்தாள். சேறும் கறுப்பு எண்ணெயும் பூசிய அந்த முகத்தை. அவள் கண்கள் பெரிதாயின. வாய் கோணியது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி அவரைப் பார்த்ததில்லை.

"ஏங்க!" முன்பக்கம் திரும்பி அவள் அலறினாள். "எவனோ பின்னாலயே ஓடி வர்றான்! உங்க சட்டை மாதிரியே போட்டிருக்கான்! நிறுத்தாதீங்க! வேகமாப் போங்க!"

இரண்டாவது கியர். மூன்றாவது. துளி வழுக்கல் இல்லை.

ஜன்னல் திரையை அவள் இழுத்து மூடினாள்.

ஏற்றத்தின் உச்சியில் வண்டி ரோட்டை விட்டு இறங்கியது. அந்தப் பக்கம் ரோடு கிடையாது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே, ஒரு மட்டைகூட உரசாமல், அது போய்க்கொண்டே இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. திரையில் படுத்திருப்பவளின் நிழல். அதன் தலைமாட்டில் இன்னொரு நிழல், கூரை இடித்ததால் கழுத்தை மடித்து, நிதானமாகக் குனிந்துகொண்டிருந்தது.

வண்டி அடுத்த கியருக்கு மாறியது.