அரக்கு உடையாத கல்யாண மண்டபம்

1985, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஐந்தரை.

மேலகரம் கல்யாண மண்டபத்தின் பூட்டை ராமசேஷன் டார்ச் அடித்துப் பார்த்தார். பூட்டின் மேல் அரக்கு. அரக்கின் மேல் அவருடைய மோதிர முத்திரை. ஒரு கீறல் இல்லை. தாசில்தாராக ஓய்வுபெற்ற நாளிலிருந்து முத்திரை வைக்க எதுவும் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்தவர் அவர். நேற்று மாலைதான் ஒரு மண்டபம் கிடைத்தது.

அரக்கை உடைத்தார். கதவைத் திறந்தார். எலுமிச்சம்பழ வாசனை குப்பென்று வந்தது. எட்டு சைக்கிள்கள் சந்தனமும் குங்குமமுமாக, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி விறைப்பாக நின்றன.

ஒன்பது நிற்க வேண்டும்.

ஒன்பதாவது இடத்தில் சாக்கட்டியால் எழுதிய எண் இருந்தது. ஒரு செவ்வந்திப் பூவும் மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழமும் கிடந்தன. சைக்கிள் இல்லை.

"நானே எண்ணினேன்" என்றார் ராமசேஷன். "ஒன்பது வாகனங்கள்னு மைக்கிலேயே சொன்னேன்."

காணாமல்போன சைக்கிளின் சொந்தக்காரர் ஏட்டு நம்பிராஜன். வெறும் தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் ஓடவில்லை. ஒரு வருஷமாகவே அந்த முகத்தில் எதுவும் ஓடுவதில்லை.

*

ராமசேஷனின் அக்காள் மகன் அமெரிக்காவில் இருந்தான். அங்கே மனிதர்கள் ஒரே மூச்சில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடவும் செய்கிறார்கள் என்று படத்தோடு எழுதினான். அடுத்த வாரமே அவர் தலைவராக இருந்த தென்பொதிகை நற்பணி மன்றம் நோட்டீஸ் அடித்துவிட்டது. 'இந்தியத் திருநாட்டில் முதன்முறையாக! முப்பெரும் வீர விளையாட்டு!' மேலகரம் குளத்தில் நீச்சல், அங்கிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போய்த் திரும்பச் சைக்கிள், பிறகு தென்காசிக் கோவில் வாசல் வரை ஓட்டம். சைக்கிளை முதல் நாளே ஒப்படைக்க வேண்டும். சைக்கிள் இல்லாதவர் தண்ணீரில் இறங்கக் கூடாது.

காவல்துறை சார்பில் ஒருவர் வேண்டும் என்று மன்றம் கேட்டது. மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தபோது எதிரே நம்பிராஜன் நின்றார். வயது நாற்பத்து மூன்று. மறுப்பதென்றால் வாயைத் திறக்க வேண்டும். அவர் திறக்கவில்லை.

அவருடைய மனைவி குருவம்மாள் மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருஷம். அதிலிருந்து மனுஷனுக்குக் காப்பி சூடா, ஆறியதா என்று தெரிவதில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. சித்திரையில் பயிற்சி ஆரம்பித்தார். விடியுமுன் குளத்தில் இறங்குவார். தங்கை வள்ளித்தாய், அவருக்குச் சோறு பொங்கிப்போட அச்சன்புதூரிலிருந்து வந்தவள், அதே நேரத்துக்குப் படித்துறையில் துணி துவைப்பாள். வீட்டில் கிணறு இருந்தது. பிறகு ஏன் குளத்துக்கு என்று யாரும் கேட்டதில்லை. மாலையில் அவர் ரோட்டில் ஓடுவார். டீக்கடையிலிருந்து யாராவது கத்துவார்கள்: "ஏட்டையா, திருடன் அந்தப் பக்கமால்லா போனான்!"

கால் வலிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு வலிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை குருவம்மாளின் சேலைகளையெல்லாம் மூட்டை கட்டி அவள் பிறந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அப்போதும் வலிக்கவில்லை.

*

காலை மணி ஆறு. சப்-இன்ஸ்பெக்டர் துல்கர்னைன் வந்தார். பந்தோபஸ்துக்கு வந்த இடத்தில் கேஸும் கிடைத்ததில் அவருக்குத் திருப்தி.

"சைக்கிளை எப்ப விட்டீங்க ஏட்டு?"

"நேத்து அஞ்சு மணிக்கு, முன் தாழ்வாரத்துல. பூட்டிட்டு அருவி டூட்டிக்குப் போயிட்டேன்." நம்பிராஜன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன்."

"வேற சாவி?"

"வீட்டுல அஞ்சறைப் பெட்டியில கெடக்கும்."

துல்கர்னைன் அதை எழுதிக்கொள்ளவில்லை. ராமசேஷன் பக்கம் திரும்பினார். "அப்புறம்?"

"ஆறரைக்கு வாகன பூஜை. மாதர் அணியில நாலு பேர் தாழ்வாரத்துல ஆரத்தி எடுத்தா. நடுவுல கரண்ட் போயிடுத்து. பெட்ரோமாக்ஸ் வந்ததும் பசங்க தள்ளிண்டு போய் அவங்கவங்க நம்பர்ல நிறுத்தினாங்க. எண்ணினேன், பூட்டினேன், சீல் வெச்சேன்."

"ராத்திரி இங்க யாரு?"

"வாட்ச்மேன் இசக்கி. கதவுலயே சாஞ்சு தூங்குவான்."

இசக்கி தூணோரம் நின்றார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம், இதே மண்டபத்தில். வேலைக்காரர் என்பதால் வாடகை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"அரக்கு அப்படியேல்லா இருக்கு. நான் எப்படி ஐயா எடுப்பேன்?"

"அதைத்தான் நீ சொல்லணும்" என்றார் துல்கர்னைன். "தென்காசியில பரிசளிப்பு முடிஞ்சதும் நான் ஸ்டேஷனுக்கு வருவேன். அதுக்கப்புறம் சொல்லுவே."

அதுக்கப்புறம் என்றால் என்னவென்று நம்பிராஜனுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக ஸ்டேஷனின் விசாரணை அறைக்கு வெளியே நின்றவர்.

"ஏட்டையா, நீங்களாவது சொல்லுங்க" என்றார் இசக்கி. "களவாணின்னு பேராச்சுன்னா சம்மந்தக்காரன் பாக்கு வெத்தலையத் திருப்பி அனுப்பிருவான்."

இசக்கியை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பிப் போயிற்று.

வேறு சைக்கிள் கிடைக்காவிட்டால் ஏட்டின் பெயரை அடித்துவிடலாம் என்றார் ராமசேஷன். பால்காரர் ரத்தினம் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். நம்பிராஜன் கை காட்டி நிறுத்தினார்.

"சைக்கிள் வேணும் ரத்தினம்."

"பத்து மணிக்குள்ள தந்துரணும் அண்ணாச்சி. செங்கோட்டைப் பால் கெடக்கு."

ஆரத்தித் தட்டுக்காரிகள் நால்வரில் ஒருத்தியாக நின்ற வள்ளித்தாய் முன்னால் வந்தாள். "அதுல பிரேக்கே கெடையாதுண்ணே. வேண்டாம். இந்த வருஷம் விட்டுருவோமே."

"கேன் மாட்டுத கொக்கியப் பாரு. எட்டு வீரனுக்கும் இல்லாத கொம்பு ஏட்டையாவுக்கு!" என்று யாரோ சிரித்தார்கள்.

சமையற்காரர் பிச்சைமணி ஒரு தம்ளர் நீட்டினார். "வெறும் வயித்தோட எறங்காதிய. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. கடை எதுவும் தொறக்கல. மண்டபத்துக்குள்ள ஒண்ணு கெடந்துது, கழுவிப் புழிஞ்சிட்டேன்."

நம்பிராஜன் குடித்தார். புளித்ததா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

*

காலை மணி ஏழு. பெண்களைக் குளக்கரையிலிருந்து தள்ளிக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். வீரர்கள் அரை நிக்கரில் இருப்பார்கள் என்பது தலைவரின் தொலைநோக்கு. விசில் ஊதினார். ஒன்பது பேர் தண்ணீரில் விழுந்தார்கள்.

நடுக்குளத்தில் நம்பிராஜனின் கை நின்றது.

களைப்பில்லை. பயமுமில்லை. கையை அடுத்த தடவை எதற்குத் தூக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் தோன்றவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் மோவாய்க்கு வந்தது. உதட்டுக்கு வந்தது. மற்ற எட்டு பேரும் தூரத்தில் எட்டுத் தேங்காய்களாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மூக்குக்கு வந்தபோது, சைக்கிளைக் கடைசியாகப் பூட்டியவன் நான்தானே, நான் இல்லையென்றால் இசக்கிக்காகப் பேச ஆள் ஏது என்று ஒரு கணக்கு வந்தது. வெறும் போலீஸ் கணக்கு. கையைத் தூக்கினார்.

கரையேறியபோது அவர்தான் கடைசி.

குற்றாலம் போகிற ரோட்டில் மேல்காற்று எதிரே அடித்தது. சாரல் முகத்தில் துப்பியது. பால்காரர் சைக்கிளுக்கு உண்மையிலேயே பிரேக் இல்லை; அந்தக் காற்றில் தேவைப்படவும் இல்லை. கழுவாத பால் வாடைக்குச் செங்கோட்டை வரை ஒரு நாய் கூடவே ஓடிவந்தது. அங்கே திரும்பினார். நாய் திரும்பவில்லை.

திரும்பும் வழியில், குற்றாலம் கோவில் முன் கூட்டம் ரோட்டை மறித்தது. யாரோ புது டெம்போ வாங்கிப் பூஜை போடுகிறார்கள். பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி போலிருக்கிறது. முன் கண்ணாடியில் கத்திரிக்காய் மாலை.

"நேரா ஏத்துலே!" என்று முதலாளி டிரைவரிடம் கத்தினார். "பழம் நசுங்கணும். நசுங்காம வண்டி தாண்டுனா பூஜையே இல்ல!"

டெம்போ உறுமி முன்னால் வந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் சட்டென்று வெடித்தது.

நம்பிராஜன் ஒரு காலை ஊன்றி நின்றார். நசுங்கிய பழத்தைப் பார்த்தார். பிறகு மேலகரத்தைப் பார்த்து மிதித்தார். இந்த முறை பின்னங்காற்று.

மேலகரத்தில் துல்கர்னைன் இல்லை. பரிசளிப்புக்குத் தென்காசி போய்விட்டார். சைக்கிளிலேயே தென்காசிக்கு விட்டிருப்பார் நம்பிராஜன். ஆனால் ரத்தினம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"பால் திரிஞ்சிரும் அண்ணாச்சி!"

நம்பிராஜன் ஓடினார். வழியில் எவனோ கேட்டான்: "திருடன் எங்க ஏட்டையா?"

"தென்காசியில!" என்றார் நம்பிராஜன். அவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

*

தென்காசி மொட்டைக் கோபுரத்தின் முன் போட்ட மேடையில் ராமசேஷன் பேசிக்கொண்டிருந்தார். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் முடிந்துவிட்டன. தலைவருக்கு இன்னும் முடியவில்லை. எல்லைக் கோட்டு ரிப்பனை அவிழ்த்து மடித்தும் வைத்துவிட்டார்கள். துல்கர்னைன் மேடையிலிருந்து இறங்கி ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார்.

இல்லாத ரிப்பனைத் தாண்டி நம்பிராஜன் வந்து ஜீப்பின் மேல் கை ஊன்றினார்.

"இசக்கிய விட்டுருங்க ஐயா. மண்டபத்துக்குள்ள களவே நடக்கல."

"சீல் வெச்ச மண்டபம் ஓய்!" என்று மைக்கிலேயே சொன்னார் ராமசேஷன்.

"சீல் வச்சிய. உள்ள எட்டுதான் இருந்துது." நம்பிராஜனுக்கு மூச்சு வாங்கியது. "ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பழம் வச்சிருந்திய. எட்டு சைக்கிளும் பழத்த நசுக்கிட்டு ஏறிச்சு. ஒம்பதாம் நம்பர்ல மட்டும் பழம் முழுசா கெடந்துது."

"அந்தப் பழம் எங்கே?" என்றார் துல்கர்னைன்.

"குடிச்சிட்டேன்."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து பிச்சைமணி கையைத் தூக்கினார். "ஆமா ஐயா! நாந்தான் புழிஞ்சேன். ஒரு தம்ளர் சாறு இருந்துச்சு. நசுங்குன பழத்துல ஏது சாறு?"

"என் சைக்கிள் பூட்டியிருந்துது" என்று தொடர்ந்தார் நம்பிராஜன். "அதத் தள்ளி உள்ள ஏத்தணும்னா எங்கிட்ட சாவி கேட்டிருக்கணும். யாருமே கேக்கல. ஏன்னா உள்ள ஏத்துதப்ப அது தாழ்வாரத்துலயே இல்ல. கரண்ட் போன நேரத்துல போயிருச்சு."

"நான் எண்ணினேனே!"

"நீங்க சைக்கிளை எண்ணல தலைவரே. பேச்சுல ஒம்பதுன்னு எழுதி வச்சிருந்திய, அத வாசிச்சிய."

ராமசேஷன் மைக்கை அணைக்கத் தேடினார். சுவிட்ச் கிடைக்கவில்லை.

"யார் எடுத்தது?" என்றார் துல்கர்னைன்.

நம்பிராஜன் முகத்து வியர்வையைத் துடைத்தார். இதுவரை எளிதாக இருந்தது.

"இருட்டுல தாழ்வாரத்துல நின்னது ஆரத்திக்காரிய நாலு பேரு. பூட்டுன சைக்கிளத் தூக்கிட்டுப் போறது பொம்பளையால ஆகாது. இன்னொரு சாவி வேணும். அது என் வீட்டு அஞ்சறைப் பெட்டியில கெடக்கு. அதத் தொறக்கது ஒரே ஒரு ஆளு." திரும்பினார். "சைக்கிள் எங்கன இருக்குட்டி?"

வள்ளித்தாய் பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். தலையை நிமிர்த்தித்தான் வந்தாள்.

"நம்ம வீட்டுப் பின்னாலதான். வெறகுக்கு அங்கிட்டு, சாக்கு போட்டு மூடியிருக்கேன். ராத்திரி அதுக்குப் பத்தடி தள்ளித்தான் நீ படுத்துக் கெடந்த."

துல்கர்னைன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "புகார்?"

"என் சைக்கிள் என் வீட்டுல இருக்கு ஐயா. இதுக்கு எந்தச் செக்‌ஷன்?"

செக்‌ஷன் இல்லை. இசக்கியை அழைத்துவர ஜீப் போயிற்று.

நம்பிராஜன் மேடைப் படியில் உட்கார்ந்தார். வள்ளித்தாய் எதிரே நின்றாள்.

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை மதினி சேலையெல்லாம் குடுத்துட்ட. ஒண்ணுகூட வச்சுக்கல. நீ தண்ணியில எறங்கும்போதெல்லாம் திரும்பி வருவியான்னு பாத்துக்கிட்டேதான் நான் படித்துறையில இருந்தேன். துவைச்ச துணியவே துவைச்சேன். இன்னிக்கிப் பொம்பளையாளுவளக் கயிறு கட்டி நிறுத்துவாவன்னு மைக்குல சொன்னாவ. சைக்கிள் இல்லேன்னா எறங்க விடமாட்டாவன்னும் சொன்னாவ." நிறுத்தினாள். "இசக்கி மாமாவப் புடிப்பாவன்னு நெனைக்கல. நீ ஓடி வாரதுக்குள்ள நானே சொல்லிரணும்னு நின்னேன். வாய் வரல."

நம்பிராஜன் தரையைப் பார்த்தார். நடுக்குளத்தில் கை நின்றதைச் சொல்லவில்லை. எது கையைத் தூக்க வைத்தது என்பதையும் சொல்லவில்லை.

ஜீப் வந்து நின்றது. இசக்கி இறங்கினார், சட்டை கசங்காமல். "ஓடி முடிச்சிட்டியளா ஏட்டையா?" என்றார்.

ராமசேஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இவ்வாறாக, இம்மன்றத்தின் சீரிய ஏற்பாடுகளால்..."

"ஐயோ!"

அலறல் மைக்கில் ஏறி ரத வீதி வரை கேட்டது. நம்பிராஜன் படியிலிருந்து சரிந்து விழுந்தார். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. அங்கிருந்து தொடைக்கு ஏறியது, முதுகுக்கு ஏறியது. வாய் கோணி, கண்ணில் நீர் கொட்ட, ஒரு வருஷமாகக் கேட்காத குரலில் கத்தினார். தலைவரின் பேச்சை யாரும் கேட்கவில்லை.

வள்ளித்தாய் அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள். "எங்கண்ணே வலிக்கு? எங்கன?"

"எல்லா எடத்துலயும் வலிக்குட்டி" என்றார் நம்பிராஜன்.