விழாத பலகை

பலகை இன்னும் விழாமல் இருந்ததுதான் அவனுக்கு உறுத்தியது.

துணி துவைக்கும் அறைச் சுவரில் காலையில் அவனே மாட்டிய பலகை. நியாயப்படி மதியத்துக்குள் கீழே வந்திருக்க வேண்டும். துளை போடும்போதே சுவர் தன் வேலையைக் காட்டிவிட்டது. டிரில் கொஞ்ச தூரம் போனதும் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே ஓடியது. ஸ்க்ரூவுக்கான பிளாஸ்டிக் பிளக்கைச் செருகினால் அது மறுபக்கம் விழுந்தது, விழுந்த சத்தமும் கேட்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே கையைத் தூக்கியிருப்பான். இவன் துணிக்கடை விற்பனையாளன். சாயம் போகிற துணியை எடுத்து விரித்து, "தண்ணி பட்டா இன்னும் பளிச்சுனு வரும்க்கா" என்று விற்றே வளர்ந்த வாய். நனைத்த காகிதத்தைத் துளைகளில் திணித்தான், பலகையைத் தாங்கும் இரும்பு ஆங்கிளை வைத்து ஸ்க்ரூக்களைச் செருகினான், மேலே சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டி மாவை அப்பினான். ஸ்க்ரூ எதையும் பிடித்திருக்கவில்லை. சும்மா, மரியாதைக்கு நின்றது.

எல்லாம் மச்சானால் வந்த வினை. மனைவியின் அண்ணன், போன வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும்போது, "நம்ம மாப்ளைக்கு வாயாலதான் ஆணி அடிக்கத் தெரியும்" என்று சொல்லி, எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போனவர்.

"கல்லு மாதிரி நிக்குது, தைரியமா வை" என்று மனைவியிடம் சொன்னான். கடைக்கு வருகிறவர்கள் அவன் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம்புவார்கள். இவள் முழுசாக நம்பினாள். சோப்புத்தூள் மூட்டை, பினாயில் கேன்கள், பழைய இஸ்திரிப் பெட்டி, கம்பளிகள் என்று அவள் ஏற்ற ஏற்ற, அவன் அறை வாசலில் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் வாஷிங் மெஷின் பிழியத் தொடங்கியபோது, தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, பக்கத்து அறையில் கரண்டிகள்கூட ஒன்றோடொன்று உரசின. பலகை மட்டும் அசையவில்லை. கேனுக்குள் இருந்த பினாயிலில் ஒரு சிற்றலைகூட இல்லை. சோப்பு வாசனைக்கும் ஈரத்துணி வாடைக்கும் அடியில் இன்னொன்று வந்தது, நெடுநேரம் மூடியிருந்த வாயைத் திறந்தால் வருகிற நெடி.

பலகை மாட்டிய சேதி கேட்டு மச்சான் வந்தார். நேராக அந்த அறைக்குத்தான் போனார்.

"நீங்களா மாட்டினீங்க?"

"ம்."

"ஆள் வச்சு மாட்டிட்டு ரீல் விடலையே?"

"நான்தான் மச்சான்."

"அப்ப தொங்கிப் பாத்துடலாம்."

"வேணாம் மச்சான், பட்டி இன்னும் காயல."

"பட்டி காயலைன்னா சுவருக்குல்ல வேர்க்கணும்? உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் மடக்கினார். தராசில் ஏறினால் முள்ளே மிரண்டுபோகிற உடம்பு. பலகை முனகக்கூட இல்லை.

"சபாஷ் மாப்ளே! நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

மனைவி அவனைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வை அவனுக்குக் கிடைத்ததில்லை. பொய்ச் சரக்குக்கு வந்த நல்ல விலை. காது மடல் எரிந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், தரையைப் பார்த்துச் சிரித்தான்.

மச்சான் கிளம்பினார். அவள் மாடியில் காயும் துணியை எடுக்கப் போனாள். அவன் திருப்புளியுடன் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தினான்.

திருப்புளிக்கு வேலை இருக்கவில்லை. நகத்தால் இழுத்ததும் ஸ்க்ரூ வந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். எல்லாவற்றையும் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தான்.

பலகை நின்றது.

ஒரு துளையில் விரலை வைத்தான். சூடு. ஈரம். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவன் திணித்த காகிதம் உள்ளிருந்து மெல்லத் தள்ளப்பட்டு, விளிம்பில் தயங்கி, அவன் காலடியில் விழுந்தது. ஏதோ அதை மென்று துப்பியிருந்தது. பல் பதிந்திருந்தது.

கதவு திறந்தது. கை நிறையத் துணியுடன் அவள்.

"இங்க என்ன பண்றீங்க? தள்ளுங்க." பலகைக்கடியில் கிடந்த முக்காலியில் ஏறினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. அண்ணன் போற வழியிலேயே அம்மாவுக்குப் போன் போட்டுட்டாராம், மாப்ள மாதிரி வருமான்னு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

ஒரே வாக்கியம்தான். நான் சரியா மாட்டல, இறங்கு. நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய அந்தப் பார்வை போய்விடும். நாளைக்கு அந்த வீடே சிரிக்கும்.

"ஒண்ணுமில்ல" என்றான். ஸ்க்ரூக்களை இறுக்கிப் பிடித்தபடி அறை வாசலுக்கு வந்தான். வெட்கம் பிடரியில் கொதித்தது.

பின்னால் அவள் சிரித்தாள். பலகையின் உள்மூலைவரை கையை நீட்டிக் கம்பளியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஐய, விடுங்க. கையைப் பிடிச்சுக்கிட்டா எப்படி அடுக்குறது?"

அவன் திரும்பினான்.

"ஏங்க, வலிக்குது. விளையாடாதீங்க."

"இறங்கு" என்றான். "இறங்கு. பலகையைப் பிடிச்சிருக்கிறது என் ஸ்க்ரூ இல்ல."

அவள் தலையைத் திருப்பினாள். வாசலில் அவன். தூரத்தில். இரண்டு கையும் தெரிகிறபடி.

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் மீதியிருந்தது. முக்காலியிலிருந்து அவளுடைய குதிகால்கள் மெல்ல எழும்பின. பிறகு கால்விரல்களும்.